மூடுவதும் மறைப்பதும்

குளிர் மிகுந்த நாடுகளில் தரைக் கம்பளம் வெறும் ஆடம்பரமன்று. கால்களுக்குக் கிடைக்கும் போர்வை. இங்கிலாந்தின் ஆக்ஸ்மின்ஸ்டரில் தாமஸ் விட்டி என்பார் 1755இல் நெய்யத் தொடங்கிய கம்பளங்கள் செல்வர் மாளிகைகளுக்கே உரியனவாய் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எந்திரங்கள் மலிவான கம்பளங்களை விரைந்து தரவே, சுவர் முதல் சுவர் வரை தரையை மூடும் வழக்கம் எளிய இல்லங்களிலும் பரவிற்று. அங்கே முதன்முதலாக வீடு வாங்குவோர், கூலியை மிச்சப்படுத்தத் தாமே கம்பளம் பதிக்க முனைவதுண்டு. அவ்வேலைக்குள் ஓர் அறக்கேள்வி அடங்கியுள்ளது.

வேலையின் பெரும்பகுதி, கம்பளத்தை விரிக்கும் முன்பே முடிந்துவிட வேண்டும். துருத்தி நிற்கும் ஆணிகளை அடித்து இறக்க வேண்டும். ஆடும் பலகைகளை இறுக்க வேண்டும். சுவரோரமெங்கும், ஊசிமுனைகள் பதித்த மெல்லிய மரச்சட்டங்களை, முனைகள் சுவரை நோக்கிச் சாய்ந்திருக்குமாறு அறைய வேண்டும். அவற்றின் நடுவே மெத்தென்ற அடிவிரிப்பை இட வேண்டும். அதன் பின்னரே கம்பளத்தை விரித்து, முழங்காலால் உந்தும் கருவிகொண்டு இழுத்து, அவ்வூசிகளில் மாட்டுவர். முடிந்தபின் மேற்பரப்பு மட்டுமே கண்ணுக்குத் தெரியும்.

யாரும் காணாத வேலையைச் செம்மையாகச் செய்வானேன்? பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் மோதிரக் கதையொன்று வருகிறது. அதனை அணிந்து திருப்பிய இடையன் பிறர் கண்ணுக்குப் புலப்படாதவனானான். அந்த வலிமையால் அரசனைக் கொன்று ஆட்சியைக் கைப்பற்றினான். பிடிபடாதவன் நேர்மையாக இருப்பது எதற்காக என்பதே அங்கே எழும் வினா. தரையை மூடிய கம்பளமும் ஒருவகையில் அம்மோதிரமே.

அடியில் விட்ட மேடு காலப்போக்கில் மேலே தேய்ந்து காட்டிக்கொடுத்துவிடும் என்று விடை கூறலாம். அது உண்மையே. ஆயினும், அகப்பட்டுக்கொள்வோம் என்றஞ்சிச் செய்வது கணக்கு, அறம் அன்று.

இன்னும் கடினமான நிலையொன்றை எண்ணிப் பார்ப்போம். அந்நாட்டின் பழைய வீடுகள் பலவற்றில் மரத்தரைக்கு அடியே காற்று உலவ வெற்றிடம் விட்டு, புறச்சுவரில் துளையுள்ள செங்கற்களைப் பதித்திருப்பர். அத்துளைகள் அடைபட்டால் ஓதம் தங்கும், பூஞ்சணம் பற்றும், பலகை உளுத்துப்போகும். வீட்டை விற்க எண்ணும் ஒருவர், உளுத்ததை அறிந்தே அதன்மேல் புதிய கம்பளத்தை விரித்துவிடுகிறார். அவர் வாய் ஒரு பொய்யும் உரைக்கவில்லை. ஆனால் அவர் தரை உரைக்கிறது. வாங்கும் குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு அந்த உளுத்த பலகையின்மேல் வைக்கப்படுகிறது.

அப்படியானால் மூடுவதெல்லாம் வஞ்சனையா? அன்று. குளிருக்காக நல்ல பலகையை மூடுகிறோம். உடலின் வடுவை ஆடையால் மூடுகிறோம். நண்பரின் பழைய தவற்றை ஊரறியக் கூறாமல் காக்கிறோம். இவை பண்பாடு. வந்து போகும் விருந்தினருக்கு விரிப்பின் அடியைக் காணும் உரிமை இல்லை. ஆனால் அத்தரையின்மேல் தம் வாழ்வின் பாரத்தை வைக்கப்போகிறவருக்கு அவ்வுரிமை உண்டு. அவருக்கு மூலையைத் தூக்கிக் காட்டத் துணிவோமாயின், நாம் செய்தது மூடுதல். கை தயங்குமாயின், அது மறைத்தல்.

இவ்வளவுகோல் நம் இல்லங்களுக்கும் பொருந்தும். திருமணப் பேச்சில் நோயையும் கடனையும் எத்தனை பேர் நயமாக மூடிவிடுகிறோம்! ஊர் அறிய வேண்டுவதில்லை; மணமேடை ஏறப்போகும் அந்தப் பெண் அறிந்தே ஆகவேண்டும். பங்காளியிடம் காட்டாத கணக்கும், பிள்ளைகளிடம் கூறாத அடமானமும் இத்தகையனவே. நம்மை நம்பிக் கால் வைப்பவர் யார் என்று முதலில் கேட்போம். எதை மூடலாம், எதை மூடலாகாது என்பது அப்போது தெளிவாகும்.