சிபாரிசும் ஜாமீனும்

கதம்ப நிகழ்ச்சி என்ற உருவத்தின் மீது விமர்சகனுக்குள்ள ஆட்சேபம் பழையது, நியாயமானதும்கூட. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பாடகி, ஒரு ஹாஸ்யக்காரர், ஒரு சீட்டு வித்தைக்காரர், மறுபடி ஒரு பாட்டு என்று அடுக்கிக்கொண்டு போனால், எதற்கும் தனி மதிப்பில்லை என்றாகிவிடுகிறது. எல்லாம் ஒரே தட்டில், ஒரே விலைக்கு. மதிப்பீடு என்பது வேற்றுமை காண்பதுதான் என்றால், வேற்றுமையை அழிப்பதையே பிழைப்பாகக் கொண்ட உருவம் மதிப்பீட்டுக்கு விரோதி. இந்த ஆட்சேபத்தை நான் ஏற்கிறேன். ஏற்றுக்கொண்ட பிறகும், அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1969க்கும் 1971க்கும் இடையில் வந்த அப்படிப்பட்ட நிகழ்ச்சி ஒன்றின் பழைய பதிவுகளைப் பிரியத்தோடு திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அகப்பட்ட நண்பர்களிடம் காட்சி காட்சியாகச் சொல்லவும் செய்கிறேன். இந்தப் பிரியத்துக்குத் தார்மீக ஆதாரம் ஏதேனும் உண்டா, அல்லது இது ரஸனையின் பலவீனம்தானா என்பதே என் கேள்வி.

நான் சொல்வது ஜானி காஷ் நடத்திய நிகழ்ச்சியை. ஏ.பி.ஸி. நிறுவனத்துக்காக, 1969 ஜூன் 7 முதல் 1971 மார்ச் 31 வரை, மொத்தம் 58 முறை வந்தது. பதிவு செய்யப்பட்ட இடம் நாஷ்வில் நகரத்து ரைமன் அரங்கம். ஒரு பிரசங்கியின் பேச்சில் மனம் மாறிய படகு முதலாளி ஒருவர் முன்னின்று எழுப்பிய பிரார்த்தனைக் கூடம் அது, 1892ல் திறக்கப்பட்டது. ஜனங்கள் உட்காருவது இன்றும் மரப் பெஞ்சுகளில்தான். கிராமியப் பாடகர்களுக்குப் பெரிய கௌரவமாக இருந்த 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி நிகழ்ச்சி 1943 முதல் 1974 வரை அங்கேதான் நடந்தது. 1965ல் காஷ் போதையில் மைக் கம்பத்தை இழுத்துக்கொண்டே போய் மேடை விளிம்பு விளக்குகளை உடைத்து நொறுக்க, இனி இங்கே வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். நான்கு வருஷம் கழித்து அதே பலகைகளின் மீது விருந்தளிப்பவராக வந்து நின்றார். வாரா வாரம் தன் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தார். அந்த ஊரில் அந்தப் பெயரைத் தெரியாதவர் எவருமில்லை. இருந்தும் சொன்னார்.

ஒப்பிடுவதற்கு எட் ஸலிவனை எடுத்துக்கொள்ளலாம். பத்திரிகையில் வம்புப் பத்தி எழுதிக்கொண்டிருந்தவர். பாடத் தெரியாது, ஆடத் தெரியாது, மேடையில் விறைத்துப்போய் நிற்பார். ஆனால் 1948 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமை இரவுகள் அவருடையவை. 1964 பிப்ரவரி 9 அன்று அவர் மேடையில் பீட்டில்ஸ் முதல் தடவை பாடினார்கள். 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்ததாகக் கணக்கு. இந்தக் கணக்கை எல்லோரும் சொல்கிறார்கள். பீட்டில்ஸ் முதல் சுற்றுப் பாடி முடித்ததும் அடுத்து வந்தவர் யார் என்று சொல்பவர்கள் குறைவு. வந்தவர் ஃப்ரெட் காப்ஸ், ஹாலந்துக்காரர், சீட்டு வித்தையில் மகா நிபுணர். கூக்குரல் இன்னும் அடங்காத பெண் குழந்தைகளின் முன்னால் அவர் தன் நுட்பங்களை ஒவ்வொன்றாகச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். அவரைத் தனியே பார்த்தால் அது கலை. அந்த இடத்தில் அது இடைவேளையை நிரப்பியது, அவ்வளவுதான். விமர்சகனின் ஆட்சேபத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஸலிவனிடம் நல்லதே இல்லை என்று சொல்வது அநியாயம். தென்மாநில வியாபாரிகள் முகம் சுளித்தபோதும் கறுப்பினக் கலைஞர்களை அவர் வருஷக்கணக்கில் அழைத்துக்கொண்டிருந்தார். பார்வையாளர் முன்னிலையில் அவர்கள் கையைப் பற்றிக் குலுக்கினார். அந்த நிமிஷங்களில் அவர் வேறு மனிதர். பெரும்பாலான நேரம் அவர் செய்தது சிபாரிசு.

சிபாரிசு வேறு, ஜாமீன் வேறு. இந்த வித்தியாசத்தைத் தமிழன் கோர்ட்டிலும் கடைத்தெருவிலும் நன்றாகவே அறிவான். சிபாரிசுக் கடிதம் கொடுப்பவர் பையன் சரியில்லையென்றால் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடலாம், அவருக்கு நஷ்டமில்லை. ஜாமீன் நிற்பவன் தன் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவந்து வைக்கிறான். பணம் திரும்பாவிட்டால் வீடு போகும். கதம்பம் என்ற உருவத்தின் தார்மீகம், அதில் என்னென்ன பூக்கள் இருக்கின்றன என்பதில் இல்லை. அவற்றைச் சேர்த்துக் கட்டுகிறவன் தன்னுடையது எதையாவது அதில் வைத்திருக்கிறானா என்பதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி காட்சிகளைச் சொல்கிறேன்.

முதல் நிகழ்ச்சியிலேயே பாப் டிலன் வந்தார். 1966ல் மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு ஜனங்கள் கண்ணில் அதிகம் படாமல் இருந்தவர். அவரும் காஷும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, டிலனின் பழைய பாட்டு ஒன்றைச் சேர்ந்து பாடுகிறார்கள். இரண்டு குரலும் ஒத்துப்போவதில்லை. ஒத்துப்போக வேண்டும் என்ற கவலையும் இருவருக்கும் இல்லை. அதே நிகழ்ச்சியில் ஜோனி மிட்செல்லும் உண்டு. அவருடைய இரண்டாவது இசைத்தட்டு அந்த வருஷம்தான் வெளிவந்தது. நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் நீளமுடிக்காரர்கள் கேட்ட பாட்டுக்கும், டென்னஸியின் மரப் பெஞ்சுக்காரர்கள் கேட்ட பாட்டுக்கும் நடுவில் அன்று பெரிய வேலி இருந்தது. வியட்நாம் யுத்தம் அதை உயர்த்திக்கொண்டே போயிற்று. காஷ் அந்த வேலியைப் பற்றி உபதேசம் எதுவும் செய்யவில்லை. தன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பெஞ்சில் இருந்தவர்களுக்கு டிலன் மீது நம்பிக்கை இல்லாமல் இருந்திருக்கலாம். காஷ் மீது இருந்தது. அந்த நம்பிக்கையைத்தான் அவர் அடமானம் வைத்தார்.

1970ல் பீட் ஸீகர் வந்தார். இடதுசாரி என்பதற்காகப் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் 17 வருஷம் ஒதுக்கிவைத்த மனிதர். 1967ல் ஸ்மாதர்ஸ் சகோதரர்கள் தங்கள் நிகழ்ச்சிக்கு அழைத்தபோது, யுத்தத்தைக் குத்திக்காட்டிய அவர் பாட்டை ஸி.பி.எஸ். வெட்டியது, 1968 பிப்ரவரியில்தான் அதை விட்டது. 1969 ஏப்ரலில் அந்தச் சகோதரர்களின் நிகழ்ச்சியையே நிறுத்தியது. காஷின் நிகழ்ச்சி அதற்கு இரண்டு மாதம் கழித்துத் தொடங்கியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஸீகர் வந்ததைப் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிரியமானது 1970 அக்டோபரில் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் வந்த காட்சி. 69 வயது, உடல் தளர்ந்த காலம், தலையில் மாட்டுக்காரத் தொப்பி. அவரை வைத்துக்கொண்டு காஷ் ஒரு பழைய கதையை எடுக்கிறார். கிராமியப் பாட்டின் தந்தை என்று கொண்டாடப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ் 1930ல் ஹாலிவுட்டில் ஒரு பாட்டைப் பதிவு செய்தார். அதில் ஊதுபவர் ஆர்ம்ஸ்ட்ராங், பியானோவில் அவர் மனைவி லில். இசைத்தட்டில் அவர்கள் பெயர் இல்லை. வெள்ளைக்காரக் கிராமத்தின் சொந்தச் சொத்து என்று நினைக்கப்பட்ட ஒரு இசையின் தொட்டிலருகே நியூ ஆர்லியன்ஸ் கறுப்பர் ஒருவர் நின்றிருந்தார் என்பது 40 வருஷம் பலருக்குத் தெரியாமலே இருந்தது. காஷ் ராட்ஜர்ஸின் பகுதியைப் பாட, ஆர்ம்ஸ்ட்ராங் தன் பழைய இடத்திலேயே மறுபடி ஊதுகிறார். விட்டுப்போன பெயர் அதே நாஷ்வில் மேடையில், உரக்க, எல்லோர் காதிலும் விழும்படி சேர்க்கப்படுகிறது. அடுத்த ஜூலையில் ஆர்ம்ஸ்ட்ராங் இறந்துபோனார். வாரந்தோறும் அந்த நிகழ்ச்சியில் பாடிய கிழவி மேபெல் கார்ட்டர், 1927ல் பிரிஸ்டல் ஊரில் ராட்ஜர்ஸ் முதல் பதிவு செய்த அதே நாட்களில் அதே இடத்தில் தானும் முதல் பதிவு செய்தவர். சரித்திரம் அந்த மேடையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தது.

ஒரு சொல்லின் கதையும் உண்டு. 1967 செப்டம்பரில் 'டோர்ஸ்' குழுவினர் ஸலிவனிடம் வந்தபோது, போதையை நினைவூட்டுகிறது என்று பட்ட ஒரு சொல்லை மாற்றச் சொன்னார்கள். ஜிம் மாரிஸன் மாற்றாமலே பாடினார்; அந்தக் குழுவை மறுபடி அழைக்கவில்லை. காஷ் எதிர்கொண்டதும் இதே மாதிரி ஒரு சொல். க்ரிஸ் க்ரிஸ்டாஃபர்ஸன் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். நாஷ்வில் ஒலிப்பதிவுக்கூடத்தில் தரை பெருக்கிக்கொண்டே பாட்டெழுதினார். அவர் எழுதிய ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பாட்டில் ஒரு சொல்லை நீக்கி, வேறொன்று போட வேண்டும் என்று மேலிடம் சொன்னது. அரங்கில் எழுதியவர் உட்கார்ந்திருக்க, காஷ் எழுதியபடியே பாடினார். இங்கே கதை திசை மாறுகிறது. ஸலிவன் மேடையில் தண்டனை விருந்தாளிக்கு. காஷ் மேடையில், தண்டனை என்று ஒன்று வந்திருந்தால் அது வீட்டுக்காரருக்கு. அந்தச் சொல் அவருடையதுகூட அல்ல, இன்னொருவனுடையது.

காஷ் நிகழ்ச்சி முழுவதும் இப்படித்தான் இருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். பாதி நேரம் அசட்டு ஹாஸ்யம். பின்னணி ஜோடனைகள் நாடகக் கொட்டகைத் தரம். ரயில் பயணமாக அமெரிக்க வாழ்க்கையைச் சொல்லும் பகுதி சில வாரங்களில் உண்மையாகவே மனத்தைத் தொட்டது. சில வாரங்களில் பள்ளி ஆண்டுவிழா.

இன்னும் சங்கடமான விஷயம் ஒன்று உண்டு. 1970 ஜனவரியில் காஷ் அதே மேடையில் நின்று, அமைதிக்கான முயற்சியில் அதிபர் நிக்ஸனுக்குப் பின்னால் தானும் தன் குடும்பமும் நிற்பதாக அறிவித்தார். அவரை நேசித்த பலருக்கு அது கசந்தது. அந்த ஏப்ரலில் வெள்ளை மாளிகையில் பாடப்போனவர், ஏழைகளையும் யுத்த எதிர்ப்பாளர்களையும் கேலி செய்யும் இரண்டு பாட்டுகளை அதிபர் தரப்பு விரும்பிக் கேட்டும் பாடவில்லை. இளைஞர்களின் பக்கம் பேசும் தன் பாட்டைப் பாடினார். 1971 பிப்ரவரியில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மாணவர்கள் முன்னால், தான் ஏன் கறுப்பு உடுத்துகிறேன் என்று சொல்லும் புதுப் பாட்டு ஒன்றைப் பாடினார். சிறையில் கிடப்பவர்களும் யுத்தத்தில் சாகும் இளைஞர்களும் அந்தப் பாட்டில் வந்தார்கள்.

ஜாமீன் நிற்பவன் தவறான ஆளுக்கும் நிற்கக்கூடும் என்பதை இது காட்டுகிறது. என் வாதத்துக்கு இது பலவீனம் என்று ஒருவர் சொல்லலாம். எனக்கு அப்படிப் படவில்லை. சிபாரிசு செய்பவன் தவறவே முடியாது. ஏனென்றால் அவன் எதையும் வைக்கவில்லை. தவறு செய்வதற்கான சாத்தியம் இருக்கிற இடத்தில்தான் தார்மீகம் என்ற பேச்சே ஆரம்பமாகிறது. காஷ் நிக்ஸனுக்காக நின்றதை நான் மன்னிக்க வேண்டியதில்லை. பிரியம் என்பது மன்னிப்பு அல்ல. நிகழ்ச்சியைத் திருப்பிச் சொல்லும்போது அந்த ஜனவரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதுதான். அதை விட்டுவிட்டுச் சொன்னால் அது பிரியமல்ல, விளம்பரம்.

இதே உருவத்தில் தலைகீழான ஒரு உதாரணமும் உண்டு. 1956 நவம்பரில் என்.பி.ஸி.யில் நாட் கிங் கோல் தொடங்கிய நிகழ்ச்சி. கறுப்பர் ஒருவர் வீட்டுக்காரராக நிற்கும் நிகழ்ச்சிக்குத் தேசிய அளவில் ஒரு விளம்பரதாரர்கூடக் கிடைக்கவில்லை. எல்லா ஃபிட்ஜெரால்ட், ஹாரி பெலஃபாண்டே போன்றவர்கள் வந்து பாடினார்கள்; அது நிலைக்க வேண்டும் என்பதற்காகப் பெரிய கலைஞர்கள் குறைந்தபட்சக் கூலிக்கு வந்தார்கள். அங்கே விருந்தாளிகள் வீட்டுக்காரருக்கு ஜாமீன் நின்றார்கள். 1957 டிசம்பரில் நிகழ்ச்சி முடிந்துபோயிற்று. ஜாமீன் போதவில்லை. போதாமற்போனதால் அது வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காஷின் நிகழ்ச்சியும் ஸலிவனின் நிகழ்ச்சியும் ஒரே வருஷத்தில், 1971ல் முடிந்தன. நிறுவனங்களுக்கு மாலை நேரம் குறைக்கப்பட்டது. கிராமத்தார்களும் வயதானவர்களும் பார்ப்பவை லாபமில்லை என்று கழிக்கப்பட்டன. வியாபாரத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒரே சரக்கு. வித்தியாசம் பார்க்கிற வேலை பிறகு வருகிறவனுக்கு, திருப்பிச் சொல்கிறவனுக்கு விடப்பட்டிருக்கிறது. நிகழ்ச்சிகளைப் பிரியத்தோடு திருப்பிச் சொல்வதில் எனக்குத் தெரியும் நியாயம் இதுதான்.

நம் சிறுபத்திரிகைகளும் கதம்பங்கள்தாம். ஒரு மொழிபெயர்ப்பு, இரண்டு கவிதை, ஒரு சண்டை, ஒரு நீண்ட கடிதம். பெயர் தெரியாத ஒருவனின் கவிதையைப் பெயர் பெற்ற ஒருவரின் கட்டுரைக்குப் பக்கத்தில் போடுகிறோம். முன்னூறு பேர் படிக்கிற இடத்திலும் சிபாரிசுக்குக் குறைவில்லை. 'குறிப்பிடத்தக்கவர்', 'கவனிக்கப்பட வேண்டியவர்' என்று தாராளமாகவே எழுதுகிறோம். அந்தக் கவிதையைக் கேலி செய்து நாளை ஒரு கடிதம் வந்தால், அதற்குப் பதில் சொல்கிற பொறுப்பு கவிஞனுடையது என்று விட்டுவிடுகிறோமா, போட்டவனும் சேர்ந்து நிற்கிறானா? கவிதை நல்லதா என்ற கேள்வி இதனால் தீர்ந்துவிடாது. அது தனியே கேட்டுத் தீர வேண்டிய கேள்வி. ஆனால் அதைக் கேட்பதற்கு யாராவது ஒருவர் முகவரியோடு இருக்க வேண்டும்.