பழியும் கண்ணீரும்



சென்ற வாரம் நம் பங்கு வாலிபன் ஒருவன் என்னிடம் வந்து, "சுவாமி, மனைவியைக் கொன்றவர்களைப் போலீசார் பிடிக்காவிட்டால், புருஷன் துப்பாக்கி எடுப்பது பாவமா?" என்று கேட்டான். முந்தின இரவு அவன் பார்த்த 'டெத் விஷ்' என்னும் பழைய ஆங்கிலப் படமே இக்கேள்விக்குக் காரணம். அநேகர் மனதில் உள்ள கேள்வியானதால் இங்கே பதில் எழுதுகிறேன்.

1974-ம் ஆண்டில் வெளியான அப்படத்தின் கதை இது. நியூயார்க் நகரில் கட்டடங்களுக்குத் திட்டப்படம் வரையும் ஒருவர், சாதுவான மனுஷர். அவர் வீட்டில் கயவர் மூவர் புகுந்து, மகளை மானபங்கப்படுத்துகிறார்கள்; அவர்கள் அடித்த அடியில் மனைவி இறந்துபோகிறாள். மகளோ சித்தம் கலங்கி, பேச்சற்று ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். போலீசாரால் ஒன்றும் ஆகவில்லை. அவர் இரவில் துப்பாக்கியோடு வெளியே போய், தம்மை மறிக்கும் வழிப்பறிக்காரரைச் சுட்டுத் தள்ளுகிறார். பார்ப்பவர்கள் கைதட்டுகிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மனைவியைக் கொன்ற மூவரில் ஒருவனையாவது அவர் கடைசிவரை பிடிக்கவில்லை! செத்தவர்கள் எல்லாரும் வேறு ஆட்கள். அத்தனை குண்டுகளாலும் மகளின் வாயில் ஒரு வார்த்தை திரும்பவில்லை.

1972-ல் மூலக்கதையை எழுதிய பிரையன் கார்பீல்டு என்பவருக்கே இப்படம் பிடிக்கவில்லை. 1975-ல் அதற்கு மறுப்பாக வேறொரு நாவல் எழுதினார். படக்காரர்களோ 1994-க்குள் இன்னும் நான்கு படங்கள் எடுத்துவிட்டார்கள். ஐந்து படங்களில் சுட்டும் அந்த மனுஷருடைய துக்கம் தீர்ந்தபாடில்லை.

ஏன் தீரவில்லை? துக்கம் என்பது போனவர்கள்மேல் நாம் வைத்த நேசமே. பழி உள்ளே புகுந்தால் அந்த நேசத்தின் இடத்தைப் பகை பிடித்துக்கொள்கிறது. இரவும் பகலும் நெஞ்சில் நிற்பவள் மனைவியல்ல, அவளைக் கொன்றவனே. அவளை இரண்டாந்தரம் இழப்பது இதுதான்.

அப்படியானால் கொலைகாரனைச் சும்மா விடுவதா? இல்லை. நீதி கேட்பது பாவமல்ல. அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் கற்பிப்பதாவது: குற்றவாளிக்குத் தீங்கு வருவதை மாத்திரமே விரும்பித் தண்டிப்பது பாவம், அவன் திருந்துவதையும் மற்றவர்கள் சமாதானமாய் வாழ்வதையும் நாடித் தண்டிப்பது தகும். ஆனால் குற்றவாளியைக் கொல்லத் தனிமனிதனுக்கு அதிகாரமில்லை. ஆகையால் போலீசார் அசட்டையாயிருந்தால் பத்துத்தரம் படியேறுங்கள், வழக்காடுங்கள், ஊர்கூடிக் கேளுங்கள்.

கோர்ட்டும் கைவிட்டால்? அப்போது இந்தப் போதனை கசக்கும். கசக்காது என்று நான் சொல்லமாட்டேன். நம் ஆண்டவரும் லாசரின் கல்லறையண்டையில் கண்ணீர் விட்டார். ஆண்பிள்ளை அழுவது வெட்கமல்ல. அந்தத் தகப்பன் இருக்கவேண்டிய இடம் வீதியல்ல, மகளின் கட்டிலண்டை.

நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் துக்க வீட்டுக்குப் போவதை நிறுத்திவிடுகிறோம். உறவினர் எல்லாரும் போய், வீடு வெறிச்சென்று ஆனபிறகுதான் பழி வந்து காதில் பேசும். அந்நேரம் நீங்கள் அங்கே போய்ச் சற்று உட்காருங்கள். புத்தி சொல்லவேண்டாம். அவர்கள் அழுதால், கூட இருந்து அழுங்கள்.

உங்கள் பங்குச் சுவாமி