ஐயம் சான்றாகுமா?

காருக்குள் 'கடகட' என்றோர் ஓசை. வானொலியை உரக்க வைத்தால் ஓசை மறையும், கோளாறு மறையுமா? மறைத்தல் வேறு, களைதல் வேறு, தோழர்களே!

தேடுவோம். "முன்பலகையில்தான்" என்கிறது காது. ஆனால், மூடிய இடத்தில் ஒலி கண்ணாடியில் மோதும், கூரையில் எதிரொலிக்கும். பிறந்த இடம் ஒன்றிருக்கக் கேட்கும் இடம் வேறாகும். காதை மட்டும் நம்பிப் பலகையைப் பெயர்த்தால், குற்றமற்றதைத் தண்டித்தவராவோம்!

சிக்கலைச் சிறுசிறு கூறுகளாகப் பகுத்து ஆராய்க என்றார் பிரெஞ்சு அறிஞர் தெகார்த்தே, 1637-இல். அவ்வழியே செல்வோம். ஒருவர் ஓட்டட்டும், மற்றவர் செவிமடுக்கட்டும். உருளும் பொருள்களை முதலில் அகற்றுவோம். பின்னர் ஒவ்வொரு பாகமாகக் கையால் அழுத்துவோம். ஒரு நேரத்தில் ஒன்றே! இரண்டை ஒருங்கே அழுத்தினால் ஓசை அடங்கும், உண்மை விளங்காது. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஒலிக்கிறதா? அவ்வேகத்தின் அதிர்வு, தளர்ந்த பாகமொன்றின் இயல்பான அதிர்வோடு ஒன்றுகிறது எனலாம். கை வைத்ததும் அடங்கி, எடுத்ததும் எழுந்தால், அதுவே சான்று. பெரும்பலகை பழி சுமந்திருக்க, சிறு திருகாணியே காரணமாக நிற்கும்!

ஐயம் தேடத் தூண்டலாம், தீர்ப்பளிக்கலாகாது. திருகாணிக்கு வழங்கும் இந்நீதியை மனிதனுக்கு மறுப்பது முறையா? ஊர்ப்பேச்சைக் கேட்டு ஒருவனைக் குற்றவாளி என்று கூறுமுன், சோதித்தோமா என நம்மை நாமே கேட்போம்!