கைக்கருவியும் கணக்கேடும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

மனிதனுக்கு அவன் அறியாதவற்றையெல்லாம் கற்றுக் கொடுத்தவன் அல்லாஹ். முதன் முதலில் இறங்கிய திருவசனங்களே ஓதுவதைப் பற்றியும் எழுதுகோலைப் பற்றியும் பேசுகின்றன. ஆகவே, அறிவின் வழியாக வரும் எந்தக் கருவியையும் கண்டு முஸ்லிம் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அதனை ஏந்தும் கை யாருக்குக் கட்டுப்பட்டது என்பதை மட்டும் அவன் ஒரு கணமும் மறந்துவிடலாகாது. இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட விஷயம் இதுவே.

நமது பாலோ சிற்றூர்தான். 1909ஆம் ஆண்டு ஜோகூர் ரயில் பாதை முற்றுப்பெற்ற பின், சாமெக், நியோர், பெக்கோக் என்று தண்டவாளத்தை ஒட்டிய ஊர்களிலெல்லாம் கடைகள் எழுந்தன. தோட்டத்து மக்கள் சம்பளத் தேதியை நம்பிப் பற்று வைத்தார்கள். கடைக்காரர் அவர்களுடைய நாணயத்தை நம்பி அரிசி அளந்தார். அந்த நம்பிக்கைக்குச் சாட்சியாக இருந்தது, சட்டைப் பையில் அடங்கும் 555 புத்தகம். இன்று அந்தப் புத்தகம் இருந்த பையில் கைப்பேசி இருக்கிறது. கல்லாப்பெட்டிக்கு அருகே கட்டம் கட்டமான கருப்பு வெள்ளைச் சதுரம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. வருகிறவர் கைப்பேசியைக் காட்டுகிறார். பணம் வந்து சேர்ந்துவிடுகிறது. பை மாறிவிட்டது, புத்தகம் மாறிவிட்டது. அமானத் மாறிவிட்டதா? மாறாது, சகோதரர்களே! மறுமை நாள் வரையில் அது மாறாது.

புதிய கருவிகளை மார்க்கத்திற்கு ஆகாதவை என்று ஒதுக்குவோர் ஒருபுறம் இருக்கின்றனர். அவர்கள் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் அச்சு யந்திரம் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. துருக்கி மொழி நூல்களை அச்சிட இப்ராஹீம் முதஃபர்ரிக்கா என்பவர் சுல்தானிடம் அனுமதி பெற்றதோ 1727இல்தான். அதுவும் மார்க்க நூல்களை விலக்கிவிட்டுத் தரப்பட்ட அனுமதி. இடையில் கடந்த ஏறத்தாழ இருநூற்றெழுபது ஆண்டுகளில் கல்வி எத்தனை இல்லங்களுக்குப் போய்ச் சேராமலே நின்றிருக்கும்! நம் தமிழ் முஸ்லிம் முன்னோரோ அரபுத் தமிழில் கல்லச்சு நூல்கள் பதித்தார்கள். சிங்கப்பூரில் 1887ஆம் ஆண்டு ‘சிங்கை நேசன்’ என்னும் வார இதழைத் தொடங்கி நடத்தியவர் மகுதூம் சாயபு. கருவி வந்தபோது அவர்கள் அதனைக் கையில் எடுத்தார்கள். எடுத்து, சமூகத்துக்கு ஊழியம் செய்தார்கள்.

இன்னும் பின்னோக்கிச் செல்வோம். கணினி ஒரு வேலையைச் செய்யும் படிமுறைக்கு ‘அல்காரிதம்’ என்று பெயர். அந்தச் சொல்லே ஒரு முஸ்லிமின் பெயரிலிருந்து பிறந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயர் லத்தீன் மொழியில் திரிந்து அவ்வாறாயிற்று. இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறையை விளக்கி அவர் எழுதினார். தாம் எழுதிய அல்-ஜப்ர் நூல் வாரிசுப் பங்கீட்டுக்கும், வியாபாரத்துக்கும், நில அளவைக்கும் மக்களுக்கு உதவ வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். கவனியுங்கள்! அனாதையின் பங்கும் விதவையின் பங்கும் பிசகாதிருக்க வேண்டும் என்ற கவலையும் அந்தக் கணக்கோடு கூடவே இருந்தது.

கடைதோறும் ஒட்டியிருக்கும் அந்தச் சதுரத்தின் கதையும் அத்தகையதே. 1994இல் ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனத்தைச் சேர்ந்த மசாஹிரோ ஹாரா என்பவரின் குழு, மோட்டார் வாகன உதிரிப் பாகங்களை அடையாளம் காண்பதற்காக இந்தக் கியூஆர் குறியைச் செய்தது. 2019இல் நமது நாட்டில் டூயிட்நவ் கியூஆர் வந்தபோது, பல வங்கிகளுக்கும் பல பணப்பைகளுக்கும் ஒரே குறி போதும் என்றாயிற்று. தமிழ் எழுத்தைக் கணினியில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவரான முத்து நெடுமாறனும் இந்த மலேசிய மண்ணின் மைந்தரே. அவருடைய முரசு அஞ்சலும் செல்லினமும் இல்லாவிடில், நம் வீட்டுப் பெரியவர்களில் பலர் கைப்பேசியில் தமிழிலே ஸலாம் எழுதி அனுப்பியிருக்க முடியுமா?

ஆகவே கருவியைப் பழிக்க வேண்டாம். கத்தி பழம் நறுக்கும், கையையும் நறுக்கும். இனி, வியாபாரியின் கையில் இக்கருவி எவ்விதம் இருக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

முதலாவது, சரக்கைக் காட்டும் முறை. பெருமானார் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றான் வியாபாரி. மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவன் தம்மைச் சேர்ந்தவன் அல்லன் என்று எச்சரித்தார்கள். இன்று நாம் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் படம் போட்டுச் சரக்கு விற்கிறோம். வாங்குகிறவர் குளுவாங்கிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். அவரால் குவியலுக்குள் கை நுழைத்துப் பார்க்க முடியாது. படத்தில் பளபளக்கும் துணியும், பெட்டியைத் திறந்தால் வரும் துணியும் வேறு வேறானால், அந்த நனைந்த தானியத்துக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? வாங்குகிறவரின் கை எட்டாத இடத்தில் விற்பவரின் நாணயமே அவருக்குக் கையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, பணத்தைக் காக்கும் முறை. பணம் அனுப்பிவிட்டதாகக் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டிச் சரக்கை எடுத்துச் செல்லும் மோசடி பல ஊர்களில் நடக்கிறது. வேறொருவர் காட்டும் படத்தை நம்பாதீர்கள். பணம் நம்முடைய கணக்குக்கு வந்துவிட்டதா என்று நம்முடைய கருவியிலேயே பாருங்கள். நமது குறியின் மேல் வேறொரு குறியை ஒட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஒவ்வொரு காலையும் கடை திறக்கும்போது தராசைத் துடைப்பது போல அதனையும் பார்த்துக்கொள்ளுங்கள். திருமண அழைப்பிதழ் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் அறியாத கோப்பைத் திறக்காதீர்கள். அது அழைப்பிதழாக இராமல், கைப்பேசிக்குள் திருடனை அழைத்துவரும் செயலியாக இருக்கலாம். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்ணை எவரிடமும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். தாமதியாமல் வங்கியையும், 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை 997 எண்ணிலும் அழையுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மேல் பொறுப்புச் சாட்டு என்பதல்லவா நமக்குக் கிடைத்த பாடம்!

இதிலே இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. சில நூறு ரிங்கிட்டுக்காகத் தங்கள் வங்கிக் கணக்கையும் அட்டையையும் அந்நியர் கையில் கொடுத்துவிடும் இளைஞர்கள் இருக்கின்றனர். மலாய்ச் சகோதரர்கள் இதற்குக் ‘கழுதைக் கணக்கு’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். எவரோ ஒரு முதியவரின் வாழ்நாள் சேமிப்பு அந்தக் கணக்கின் வழியாகத்தான் களவு போகிறது. இதனைத் தடுக்க 2024இல் குற்றவியல் சட்டமே திருத்தப்பட்டுள்ளது. களவு செய்தவன் வேறு, நான் கதவை மட்டும் திறந்துவிட்டேன் என்று அல்லாஹ்வின் முன்னிலையில் சொல்ல முடியுமா? நம் பிள்ளைகளுக்கும், கடையில் வேலை செய்யும் பையன்களுக்கும் இதனை எடுத்துச் சொல்வது முதலாளியின் கடமை.

மூன்றாவது, செய்தியைப் பரப்பும் முறை. தீயவன் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள் என்பது சூரா ஹுஜுராத்தின் கட்டளை. காதில் விழுந்ததையெல்லாம் பிறரிடம் சொல்வதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்பது நபிமொழியின் கருத்து. கடையில் வாடிக்கையாளர் இல்லாத பகல் வேளையில் கட்டைவிரல் சும்மா இருப்பதில்லை. இந்தப் பண்டத்தில் பன்றிக் கொழுப்பு, அந்தக் கடைக்காரன் இன்னான் என்று வருவதையெல்லாம் அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறோம். ஒரு கடையின் பெயர் கெட ஒரு நிமிடம் போதும். மீட்க ஒரு தலைமுறை பிடிக்கும். உண்மை அறிய 2017 முதல் ‘செபெனார்ன்யா’ என்ற அரசாங்க வலைத்தளம் இருக்கிறது. அதைப் பார்க்க நேரமில்லை என்றால், அனுப்பாமல் இருப்பதற்கு நேரம் எதுவும் வேண்டியதில்லையே!

நான்காவதாக நாம் சொல்லப் போவதே இவ்வனைத்திலும் நெஞ்சைத் தொடவேண்டியது. அது கடன்காரரை நடத்தும் முறை.

கடனைச் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதிக்கொள்ளச் சலிக்க வேண்டாம் என்று திருக்குர்ஆன் கூறுகிறது. சூரா பகராவின் 282ஆம் வசனம் அது. திருமறையிலேயே மிக நீண்ட வசனம். கடன்பட்டவனே வாசகத்தைச் சொல்ல வேண்டும், எழுதுகிறவன் நீதியாக எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும் என்று எத்தனை ஒழுங்குகள்! 2024 ஆகஸ்டு முதல் தேதியன்று பெரு நிறுவனங்களிலிருந்து தொடங்கி, நம் நாட்டு வருமான வரி வாரியம் மின் விலைப்பட்டியலைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறது. சிறு வணிகருக்கு விலக்கு உண்டு. தம் கடை எந்த வரம்பில் வருகிறது என்பதை அவரவர் கேட்டறிந்துகொள்ள வேண்டும். எழுதச் சொல்லும் சட்டத்தைக் கண்டு முகம் சுளிப்பவர், எழுதச் சொல்லும் திருமறையை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும். கைப்பேசியிலுள்ள கணக்கு மென்பொருள் 282ஆம் வசனத்துக்கு நல்ல ஊழியன். பற்று எழுதிய உடனே அதன் நகலைக் கடன்பட்டவருக்கும் அனுப்பிவிட்டால் பின்னால் வழக்கில்லை.

ஆனால் சகோதரர்களே, அந்த வசனத்துக்கு இரண்டே வசனம் முன்னால் 280ஆம் வசனம் இருக்கிறது. கடன்பட்டவன் கஷ்டத்தில் இருந்தால் அவனுக்கு வசதி வரும் வரை தவணை கொடுக்க வேண்டும், தள்ளிக் கொடுத்தால் அது இன்னும் மேலானது என்பது அதன் கருத்து. எழுதச் சொல்லும் முன்பே இரங்கச் சொல்லிவிட்டான் இறைவன்! எந்த மென்பொருளும் 282ஐச் செய்யும். 280ஐச் செய்ய மனித இதயம் ஒன்றுதான் உண்டு.

இன்று என்ன நடக்கிறது? பாக்கி வைத்தவரின் புகைப்படத்தையும், பெயரையும், தொகையையும் முகநூலில் போடுகிறார்கள். அவர் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குழுவிலும் அது போய்ச் சேருகிறது. நூறு ரிங்கிட் பாக்கிக்காக ஒரு குடும்பத்தின் மானத்தை ஆயிரம் பேர் கையில் கொடுப்பதற்கு நமக்கு யார் உரிமை தந்தார்? கடையின் காமிராவில் பதிந்த ஒரு சிறுவனின் முகத்தைத் ‘திருடன்’ என்று எழுதிப் பரப்புகிறோம். அவன் எடுத்தது பசிக்கா, அறியாமைக்கா, அல்லது எடுக்கவே இல்லையா என்று யார் விசாரித்தார்? பின்னர் நாம் நமது படத்தை அழித்துவிடலாம். ஆயிரம் கைப்பேசிகளில் போய்விட்டதை எவரால் அழிக்க முடியும்? ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவனின் குறையை அல்லாஹ் மறைக்கிறான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்திருக்கிறார்கள். நமக்கு மறைக்கப்பட வேண்டிய குறை எதுவும் இல்லையா?

555 புத்தகத்துக்கு ஒரு நற்குணம் இருந்தது. கடைக்காரரும் கடன்பட்டவரும் தவிர வேறெவரும் அதனைப் படிக்கவில்லை. ரப்பர் விலை விழுந்த காலத்தில் கோடு கிழித்து அடிக்கப்பட்ட கணக்குகள் அதில் உண்டு; அடித்தவரும் சொல்லவில்லை, அடிக்கப்பட்டவர் துஆச் செய்ததையும் எவரும் கேட்கவில்லை. அந்தப் பரக்கத்தில்தான் பல கடைகளின் அடுத்த தலைமுறை தழைத்தது என்பதே நமது நம்பிக்கை. பாக்கியைக் கேட்பது நம் உரிமை. நேரில் சென்று கேளுங்கள். தனியாக எழுதிக் கேளுங்கள். தவணை பிரித்துக் கேளுங்கள். ஜமாஅத்துப் பெரியவர்களை வைத்துக் கேளுங்கள். தேவையானால் சட்டப்படியும் கேளுங்கள். ஊர் பார்க்கக் கேட்காதீர்கள்.

ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு விரையுங்கள், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்பது திருமறையின் ஏற்பாடு. முன்பெல்லாம் கடைக்கதவைச் சாத்தினால் வியாபாரம் வெளியே நின்றுவிடும். இன்று சட்டைப் பைக்குள் ஏறிப் பள்ளிவாசலுக்கே வந்து, குத்பாவின் நடுவில் மணியடிக்கிறது! கடையைச் சாத்தும்போது கைப்பேசியின் வாயையும் சாத்திவிடுங்கள். அந்த அரை மணி நேரத்தில் போகும் வியாபாரம் நமக்கு எழுதப்பட்டதல்ல.

சகோதரர்களே! கைப்பேசியிலே முழுத் திருக்குர்ஆனும் இருக்கிறது; தமிழுரையும் இருக்கிறது. அதே சூரா ஜும்ஆ, வேதத்தைப் பெற்றும் அதன்படி நடவாதவருக்கு நூல்களைச் சுமக்கும் கழுதையை உவமை காட்டுகிறது. சுமந்தால் மட்டும் போதாது என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

நாம் எழுதும் கணக்கை வரி அதிகாரி பார்ப்பார், வங்கி பார்க்கும். நம்மையே எழுதும் கணக்கு ஒன்று இருக்கிறது. கண்ணியமிக்க அந்த எழுத்தாளர்களான மலக்குகளுக்கு மின்சாரம் நிற்பதில்லை. அவர்கள் ஏட்டில் நாமாக எதையும் அழிக்க முடியாது. தவ்பா ஒன்றே அதனைத் துடைக்கும். மனிதனுக்குச் செய்த தீங்காயின், அந்த மனிதனும் மன்னிக்க வேண்டும். ஆகவே, எவருடைய பெயரையேனும் பொதுவில் போட்டிருந்தால், இந்த வெள்ளிக்கிழமைக்கு முன் அதனை எடுத்துவிட்டு, அவர் வீட்டுக்கு ஒருமுறை நடந்து சென்று வாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் கைகளில் நீ தந்த கருவிகளைப் பயனுள்ளவையாக ஆக்குவாயாக! எங்கள் தராசையும் எங்கள் நாவையும் எங்கள் விரல்களையும் நேராக்குவாயாக! கடன்பட்டோரின் கஷ்டத்தை நீக்கி, கடன் கொடுத்தோரின் உள்ளத்தை விசாலமாக்குவாயாக! உண்மையும் நம்பிக்கையும் உடைய வணிகரின் கூட்டத்தில் எங்களை எழுப்புவாயாக! ஆமீன்.