மேற்படிப்புக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



பிளஸ் டூ தேர்வு முடிவு வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு கவலை குடியேறிவிடுகிறது. பிள்ளை தேறிவிட்டான் என்று மிட்டாய் கொடுத்த கையோடு தகப்பன் கணக்குப் போட உட்காருகிறார். கல்லூரிக் கட்டணம், பஸ் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதிக் கட்டணம் என்று எழுதிக்கொண்டே போனால் கடைசியில் வரும் தொகை அவருடைய பல வருடச் சம்பாத்தியமாக இருக்கிறது. இவ்வளவு செலவழித்துப் படிக்க வைப்பதில் என்ன பயன், பேசாமல் கடைக்கு அனுப்பிவிடலாமே என்று ஒரு தரப்பார் சொல்கிறார்கள். வட்டிக்கு வாங்கியாவது படிக்க வைத்தே தீர வேண்டும் என்கிறார்கள் மறு தரப்பார். திருவாமாத்தூர், விழுப்புரம், திண்டிவனம் என்று நம் வட்டாரம் முழுவதும் இந்த இரண்டு குரலும் கேட்கின்றன. இரண்டில் எது சரி? மார்க்கம் இதில் நமக்கு என்ன வழி காட்டுகிறது?

*கல்விக்குச் செலவழிப்பது வீண் அல்ல*

முதலில் ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். இறங்கிய முதல் வஹீயே ஓதும்படி கட்டளையிட்டது. எழுதுகோலைக் கொண்டு கற்பித்ததைப் பற்றிப் பேசியது (அல்குர்ஆன் 96:1-5). பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் பிணைத்தொகை கொடுக்க வசதியில்லாத, எழுதத் தெரிந்தவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் பணம் கேட்கவில்லை. அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையே அவர்களின் விடுதலைக்கு ஈடாக ஏற்றுக்கொண்டார்கள் (நூல்: முஸ்னத் அஹ்மத்). மதீனாவில் அன்று வறுமை இருந்தது. கைதிகள் மூலம் வரும் பணம் அந்தச் சமுதாயத்துக்கு மிகவும் தேவைப்பட்டது. இருந்தும் அந்தப் பணத்தை விடப் பிள்ளைகளின் எழுத்தறிவு பெரிதாகக் கருதப்பட்டது.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் ஆசிரியர் ரபீஆ (ரஹ்) அவர்களைப் பற்றி வரலாற்று நூல்களில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. அவர்கள் தாயின் வயிற்றில் இருக்கும்போது தந்தை ஃபர்ரூக் 30,000 தீனார்களை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுப் போருக்குச் சென்றார். 27 ஆண்டுகள் கழித்துத் திரும்பினார். பணம் எங்கே என்று கேட்டார். மனைவி உடனே பதில் சொல்லாமல் மஸ்ஜிதுந் நபவிக்குத் தொழ அனுப்பி வைத்தார். அங்கே பெருங்கூட்டத்துக்கு நடுவில் ஒருவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவர் தம் மகன்தான் என்று தெரிந்து தந்தை பூரித்துப்போனார். அந்தப் பணம் முழுவதையும் இவருக்குத்தான் செலவழித்தேன் என்று வீட்டில் மனைவி சொன்னபோது, அது வீணாகவில்லை என்று மகிழ்ந்தார். இச்சம்பவத்தின் நம்பகத்தன்மையை இமாம் தஹபீ (ரஹ்) அவர்கள் மறுத்துள்ளார்கள். ஆகவே இதை உறுதியான வரலாறாகக் கொள்ளாமல், படிப்பினைக்காக மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இதைக் கேட்டதும் எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டிக் கொடுக்கலாம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்தத் தாய் செலவழித்தது கையில் இருந்த பணம். வட்டிக்கு வாங்கிய பணம் அல்ல. அந்தப் பணம் கல்விக்குப் போனது. வெறும் பெயருக்கும் பெருமைக்கும் போகவில்லை. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எதற்காகக் கொடுக்கிறோம்? எந்தப் பணத்திலிருந்து கொடுக்கிறோம்? கொடுக்க முடியாதவனுக்கு யார் பொறுப்பு?

*எதற்காகக் கொடுக்கிறோம்?*

பயன் தராத கல்வியிலிருந்து நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள் (நூல்: முஸ்லிம்). கல்வியை அதிகமாக்கித் தரும்படி கேட்கச் சொன்ன அதே மார்க்கம்தான் இதையும் கற்றுத் தருகிறது.

பொறியியல் படிப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் 550-க்கும் அதிகமான பொறியியல் கல்லூரிகள் இருந்தன. பிறகு மாணவர் சேராமல் நூற்றுக்கும் மேற்பட்டவை மூடப்பட்டன. அந்தக் கல்லூரிகளுக்கு லட்சக்கணக்கில் கட்டிய குடும்பங்கள் எத்தனையோ! அவர்களில் பலர் வாங்கியது கல்வியை அல்ல, ஒரு சீட்டை. பக்கத்து வீட்டுப் பிள்ளை இன்ஜினியரிங் சேர்ந்துவிட்டான் என்பதற்காக நம் பிள்ளையையும் சேர்ப்பது, பிள்ளைக்குக் கணக்கில் நாட்டமே இல்லாதபோதும் சேர்ப்பது, சம்பந்தம் பேசும்போது சொல்லிக்கொள்வதற்காகச் சேர்ப்பது ஆகியவை கல்விச் செலவு என்ற பெயரில் நடக்கும் வீண்விரயங்கள். வீண்விரயம் செய்பவர்களை ஷைத்தானின் சகோதரர்கள் என்று அல்லாஹ் கண்டிக்கிறான் (அல்குர்ஆன் 17:27). கல்யாண விருந்தில் மீந்துபோகும் பிரியாணியை மட்டும் நாம் இஸ்ராஃப் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியர். ஆனால் கட்டணம் மட்டும் வேறு. 2017-இல் கட்டண நிர்ணயக் குழு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு விதித்தபடி, தரச்சான்று பெறாத படிப்பில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் ஆண்டுக்கு 50,000 ரூபாய். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் 85,000 ரூபாய். நான்கு ஆண்டுகளில் வித்தியாசம் 1,40,000 ரூபாய். கலந்தாய்வுக்கு நேரத்தோடு விண்ணப்பிக்காத அலட்சியத்துக்கு நாம் கொடுக்கும் அபராதம் என்றே பல நேரங்களில் இதைச் சொல்லலாம்.

*எந்தப் பணத்திலிருந்து கொடுக்கிறோம்?*

அருமைச் சகோதரர்களே! வட்டி வாங்குபவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், சாட்சியாக நிற்பவர் அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள். குற்றத்தில் அவர்கள் சமம் என்றார்கள் (நூல்: முஸ்லிம்). படிப்புக்காக என்ற காரணம் வட்டியை ஹலாலாக்கிவிடாது. நிர்ப்பந்தம் என்று ஒருவர் கருதினால் அதைத் தாமாகவே முடிவு செய்துகொள்ளாமல், தம் நிலையை முழுமையாகச் சொல்லி ஆலிம்களிடம் விளக்கம் பெற வேண்டும்.

வட்டியில்லாக் கடனாக இருந்தாலும் கடன் கடன்தான். நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனை விட்டும் பாதுகாவல் தேடுவார்கள். ஏன் இவ்வளவு அதிகமாகத் தேடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மீறுகிறான் என்று காரணம் சொன்னார்கள் (நூல்: புகாரி). இன்று 21 வயதில் பட்டத்தோடு வெளியே வரும் நம் பிள்ளை, முதல் சம்பளம் வாங்குவதற்கு முன்பே கடனாளியாக வருகிறான். பிடித்த வேலைக்குப் போக முடியாது. கிடைத்த வேலையை விட முடியாது. திருமணம் தள்ளிப்போகிறது. படிப்பு அவனுக்கு எந்தச் சுதந்திரத்தைத் தரும் என்று நினைத்தோமோ, அதைக் கடன் பறித்துக்கொள்கிறது.

இன்னொரு விஷயத்தையும் மறந்துவிடக் கூடாது. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு மட்டும் அவர்களின் தந்தை ஓர் அன்பளிப்பு கொடுத்துவிட்டு, அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். மற்றப் பிள்ளைகளுக்கும் இதேபோல் கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும், அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி அறிவுறுத்தினார்கள் (நூல்: புகாரி). ஒரு மகனை டாக்டராக்க இருந்த நிலத்தையும் விற்று, நகையையும் விற்று, மற்றப் பிள்ளைகளை வெறுங்கையோடு விடும் தகப்பன் இந்த ஹதீஸை ஒரு முறை எண்ணிப் பார்க்கட்டும். குறிப்பாகப் பெண் பிள்ளைகள் விஷயத்தில்! மகனுக்கு ஐந்து லட்சம் கட்டத் தயாராக இருக்கும் நாம், நன்றாகப் படிக்கும் மகளிடம் உனக்கு எதற்குப் படிப்பு என்கிறோம். வரதட்சணை என்ற ஹராமுக்காகச் சேர்த்து வைக்கும் பணத்தில் ஒரு பங்கு போதும், அந்தப் பிள்ளை பட்டம் வாங்கிவிடுவாள்.

*குறைந்த செலவில் இருக்கும் வழிகள்*

வசதியில்லாததால்தான் படிக்க முடியவில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு, பக்கத்திலேயே இருக்கும் வழி தெரியவில்லை. விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. திண்டிவனத்தில் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. இரண்டு ஊர்களிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்கே ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில். தனியாரிடம் அதே படிப்பு லட்சங்களில்.

முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக இருந்து கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேர்பவருக்குக் கட்டணச் சலுகை உண்டு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், சட்டம், வேளாண்மை போன்றவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்பவருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

இந்தக் கடைசிச் செய்தியைத் தகப்பன்மார்கள் நன்றாகக் கவனியுங்கள். ஆறாம் வகுப்பில் பிள்ளையை எங்கே சேர்க்கிறோம் என்பதிலேயே கல்லூரிச் செலவின் கணக்கு தொடங்கிவிடுகிறது. தனியார் பள்ளிக்கு ஆண்டுக்கு 30,000 என்று வைத்துக்கொள்வோம். ஏழு ஆண்டுகளில் 2,10,000 ரூபாய் போய்விடுகிறது. அதோடு அந்த 7.5 சதவீத வாய்ப்பும் போய்விடுகிறது. தனியார் பள்ளியே கூடாது என்று சொல்லவில்லை. கணக்குப் பார்த்து, அல்லாஹ்விடம் இஸ்திகாரா செய்து முடிவெடுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

ஹலாலான சேமிப்பு இருக்கிறது, மற்றவர்களின் ஹக்கு பாதிக்கப்படாது, பிள்ளைக்கு உண்மையான ஆர்வமும் திறமையும் இருக்கிறது, கல்லூரியும் தரமானது என்றால், செலவு கூடுதலானாலும் தாராளமாகக் கொடுங்கள். அது நல்ல முதலீடு. நிய்யத் சரியாக இருந்தால் இபாதத்தும் கூட.

*கொடுக்க முடியாதவனுக்கு யார் பொறுப்பு?*

திறமையான பிள்ளை, தகப்பன் கூலி வேலை செய்கிறார். அந்தப் பிள்ளையின் முன்னால் இரண்டே வாசல்கள்தான் இருக்கின்றன: வட்டிக் கடன் அல்லது படிப்பை நிறுத்துதல். இங்கே மிம்பரில் நின்று வட்டி ஹராம் என்று சொல்லிவிட்டு நாம் இறங்கிப் போய்விட முடியுமா? மூன்றாவது வாசலைத் திறந்து வைப்பது ஜமாஅத்தின் கடமை இல்லையா? சமுதாயத்துக்குத் தேவையான கல்விகள் ஃபர்ளு கிஃபாயா என்று இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். மருத்துவரும் வழக்கறிஞரும் ஆசிரியரும் நம்மிலிருந்து உருவாகாவிட்டால் கேள்வி அந்த ஏழைப் பிள்ளையிடம் மட்டும் கேட்கப்படாது. நம் அனைவரிடமும் கேட்கப்படும்.

நம் முன்னோர் இதை விளங்கி வைத்திருந்தார்கள். 11-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் எழுந்த நிஜாமிய்யா மத்ரஸா வக்ஃபு வருமானத்தில் நடந்தது. 1234-இல் திறக்கப்பட்ட முஸ்தன்ஸிரிய்யாவில் மாணவர்களுக்கு உணவும் தங்குமிடமும் உதவித்தொகையும் கொடுக்கப்பட்டன. கற்க வந்தவன் கடன்பட்டுத் திரும்பவில்லை. நம் தமிழகத்திலும் 1919-இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1951-இல் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி, அதே ஆண்டு சென்னை புதுக் கல்லூரி ஆகியவை எழுந்தன. கொடுத்தவர்கள் தோல் வியாபாரிகளும் வணிகர்களும்தான். தம் பிள்ளைகளுக்கு மட்டும் கட்டணம் கட்டிவிட்டு அவர்கள் ஒதுங்கிக்கொள்ளவில்லை. முகம் தெரியாத பிள்ளைகளுக்காகக் கட்டிடம் எழுப்பினார்கள்.

நாம் கல்லூரி கட்ட முடியாவிட்டாலும் ஒவ்வொரு மஹல்லாவிலும் மூன்று காரியங்களைச் செய்யலாம்.

ஒன்று, ஏழை மாணவருக்கு ஸகாத். ஸகாத் பெறத் தகுதியுள்ள மாணவரின் கையில் அந்தப் பணம் உடைமையாகச் சேர வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். கல்லூரிக்கு நேராகக் கட்டுவதானால் எப்படிச் செய்வது என்று இமாமிடம் கேட்டுச் செய்யுங்கள்.

இரண்டு, பைத்துல்மாலில் படிப்புக்கென்று அழகிய கடன் நிதி. வேலை கிடைத்த பிறகு தவணையில் திருப்பிக் கொடுக்கட்டும். அது அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். சிரமப்படுபவனுக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறான் அல்லாஹ் (அல்குர்ஆன் 2:280).

மூன்று, பள்ளிவாசலில் வழிகாட்டும் மேசை. படித்த இளைஞர்கள் நான்கு பேர் ஏப்ரல், மே மாதங்களில் அஸருக்குப் பின் உட்கார்ந்து, கலந்தாய்வு விண்ணப்பம், சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு உதவினாலே போதும். பணமே இல்லாமல் செய்யக்கூடிய ஸதகா இது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80 சதவீதம். அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவு சுமார் 72 சதவீதம். பின்தங்கிய மாவட்டத்தில் பின்தங்கிய சமுதாயமாக நாம் இருந்துவிடக் கூடாது. படிப்பின் விலை ஏறிக்கொண்டேதான் போகும். அந்த விலையைத் தனி ஒரு தகப்பனின் முதுகில் ஏற்றினால் அவன் ஒடிந்துபோவான், அல்லது வட்டியில் விழுவான். ஜமாஅத்தாகச் சேர்ந்து சுமந்தால் அது சுமையாகவே தெரியாது.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவாயாக! வட்டியை விட்டும் கடன் சுமையை விட்டும் எங்கள் வீடுகளைப் பாதுகாப்பாயாக! வசதி தந்தவர்களுக்குக் கொடுக்கும் மனதையும், ஏழைப் பிள்ளைகளுக்கு மறைவான புறத்திலிருந்து உதவியையும் தந்தருள்வாயாக! ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!