அவமதிப்பும் அறிவும்



நமது தஞ்சை வண்டல் பூமியில் இரும்புக் கல் அகப்படுவதில்லை. ஏர்க் கொழுவுக்கான இரும்பு வெளியிலிருந்தே வரவேண்டும். அவ்விரும்பின் சரித்திரத்தில் நமக்கு ஒரு பாடம் உண்டு.

வங்காளத்துப் பிரமதநாத் போஸ் (1855–1934) லண்டனில் பூகர்ப்ப சாஸ்திரம் பயின்றவர். அரசாங்கப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் இருபதாண்டுகளுக்கு மேல் உழைத்தார். 1903-இல் அவரைவிட இளையவரான ஆங்கிலேயர் ஒருவருக்குத் தலைமைப் பதவி அளிக்கப்பட்டது. போஸ் விலகினார். பின்னர் மயூர்பஞ்ச் சமஸ்தானத்தின் கோருமகிசானி மலையில் சிறந்த இரும்புத் தாதுவைக் கண்டார்.

மனம் புண்பட்டவன் தன் அறிவைப் பூட்டி வைப்பது நியாயமாகுமா? போஸ் 1904 பிப்ரவரி 24-இல் ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்குக் கடிதம் எழுதி அவ்விடத்தை அறிவித்தார். அதன் பலனாக, 1907-இல் டாட்டா இரும்புக் கம்பெனி தோன்றியது. 1912-இல் எஃகு வார்க்கப்பட்டது. இதற்கிடையே, 1906-இல் தோன்றிய வங்காளத் தொழிற்கல்விச் சாலைக்குக் கௌரவ முதல்வராகவும் அவர் பணியாற்றினார்.

அநீதியை அவர் ஏற்கவில்லை, பதவியைத் துறந்தார். ஆனால் பிறருக்குப் பயன்படும் கடமையைத் துறக்கவில்லை. இவ்விரண்டும் வெவ்வேறு அன்றோ?

மேல்மடைக்காரன் நமக்கு வஞ்சனை செய்தான் என்பதற்காக, கீழ்மடைக்குப் போகும் தண்ணீரை நாம் அடைக்கலாமா? சிந்திப்போமாக.