மூடிய இறக்கைக்குள் என்ன இருக்கிறது?

போன மாதம் நம் வார வகுப்பு முடிந்து எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். நாலு பேர் உட்காரும் சின்ன விமானம். அதைக் கட்டியவர் கேரளாவில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் பொறியாளர், அசோக் அலிசேரில் தாமராட்சன். 2022-இல் உலகம் முழுக்கச் செய்தியில் வந்தவர்தான்.

"அண்ணா, நீங்கதான் இன்ஜினியரிங் படிக்கிறீங்களே. வீட்டுல செஞ்ச பிளேன்ல நீங்க ஏறுவீங்களா?" என்று கேட்டான்.

"ஏறுவேன்டா, ஏன் ஏறக்கூடாது"ன்னு சட்டென்று சொல்லிவிட்டேன். மோட்டாரில் வீடு திரும்பும்போதுதான் அந்தப் பதில் என்னைக் குடைய ஆரம்பித்தது. ஏன் குடைந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த விமானம். அதன் பெயர் ஸ்லிங் டிஎஸ்ஐ. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள கம்பெனி உதிரிப் பாகங்களாகப் பெட்டியில் போட்டு அனுப்பும். வாங்குபவர் தானே பூட்டிக்கொள்ள வேண்டும். கோவிட் ஊரடங்கு நேரத்தில் அசோக் வேலையைத் தொடங்கினார். சுமார் ஒன்றரை வருடம் ஆனது. முடித்ததும் மகளின் பெயர் வருகிற மாதிரியே பதிவு எழுத்துகளை வாங்கினார். பிறகு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பறந்தார். மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி இன்னும் ஒரு படி மேலே போய், அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடியிலேயே ஆறு இருக்கை விமானம் கட்டினார். 2017-இல் இந்திய அரசு அதைப் பதிவு செய்தது. நம்ம ஆளுங்க என்று பெருமைப்படலாம். நானும் பட்டேன்.

ஆனால் தம்பியின் கேள்வி பெருமையைப் பற்றியது இல்லை. அவன் கேட்டது நம்பிக்கையைப் பற்றி.

உலோக விமானத்தின் இறக்கை என்பது மெல்லிய அலுமினியத் தகடுகளை ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளால் சட்டத்தோடு பிணைத்த ஒரு நீளப் பெட்டி. ஒவ்வொரு ரிவெட்டுக்கும் கணக்கு உண்டு. துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து ரிவெட் விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது உள்ளே இருக்கணும். கொஞ்சம் ஓரமாகத் துளைத்துவிட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. நூறு தடவை பறந்தாலும் ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் அதிர்வில் அந்த ஓரத்தில் விரிசல் பிறக்கும் வாய்ப்பு கூடிவிட்டது. கடைசித் தகட்டை வைத்து இறக்கையை மூடியபின் உள்ளே நடந்ததில் பெரும்பகுதியை யாரும் பார்க்க முடியாது. கட்டியவனுக்கு மட்டும் தெரியும்.

இதனால்தான் இங்கிலாந்தில் மூடுவதற்கு முன்னால் ஒரு பரிசோதகர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அமெரிக்காவில் பாதிக்கு மேல் வேலையைப் பொழுதுபோக்குக்காகக் கட்டுபவர்களே செய்திருக்க வேண்டும் என்பது விதி. அங்கே கட்டியவர் தகுதிச் சான்று வாங்கிவிட்டால், வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பரிசோதனையையும் தானே செய்யலாம். கட்டியதும் அவர், சரி பார்ப்பதும் அவர். நம் வழக்கப்படி சொன்னால், சாட்சி வேறு யாருமில்லை, மனசாட்சிதான்.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். பாடகர் ஜான் டென்வரை நம் அப்பாக்களுக்குத் தெரியும். 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவில், கடலோரமாகத் தனியாகப் பறந்துகொண்டிருந்தபோது விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது லாங்-ஈஸி என்ற வீட்டில் கட்டிய விமானம். அவர் கட்டியதல்ல, கை மாறி அவரிடம் வந்தது. வந்து ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது.

அந்த விமானத்தில் இரண்டு எரிபொருள் தொட்டிகள். ஒன்று தீர்ந்தால் மற்றதுக்குத் திருப்ப ஒரு பிடி உண்டு. பழைய ஆர்எக்ஸ்ஸெட் மோட்டாரில் பெட்ரோல் குழாயை ரிசர்வுக்குத் திருப்புவோமே, அதே மாதிரி. வடிவமைத்த பர்ட் ரூட்டானின் வரைபடத்தில் அந்தப் பிடி விமானியின் கால்களுக்கு நடுவில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. கட்டியவரோ அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். காரணம் கெட்டதல்ல: எரிபொருள் குழாய் தன் இருக்கைப் பக்கம் வரவே கூடாது என்று நினைத்தார். எந்தப் பக்கம் திருப்பினால் எந்தத் தொட்டி என்ற குறி அந்தப் பிடியில் இல்லை. எவ்வளவு எரிபொருள் மிச்சம் என்று பார்க்க டென்வருக்கு ஒரு பணியாளர் கண்ணாடி கொடுத்திருக்கிறார். எரிபொருள் நிரப்பட்டுமா என்று கேட்டதற்கு அவர் வேண்டாம் என்றிருக்கிறார். பறக்கும்போது பின்னால் திரும்பி அந்தப் பிடியைப் பிடிக்க முயன்றபோது கால் தெரியாமல் வலது மிதியை அழுத்தியிருக்கிறது என்பதுதான் விசாரணை வாரியத்தின் முடிவு.

யாருடைய வினை இது?

வீட்டில் பெரியவரிடம் கேட்டேன். "அது அவரு விதிப்பா" என்றார். என்னால் ஏற்க முடியவில்லை. எரிபொருள் போடாமல் கிளம்பியது டென்வரின் தவறு, சரி. ஆனால் தோளுக்குப் பின்னால் இருந்த பிடியை விதி கொண்டுபோய் அங்கே வைக்கவில்லை. ஒரு மனிதர் கையால் வைத்தார். கட்டியவருக்கு அந்தப் பிடி பழக்கம்; இருட்டில்கூட அவர் கை தானாகப் போயிருக்கும். அவர் தலைக்குள் இருந்த அறிவு விமானத்தோடு சேர்ந்து விற்பனையாகவில்லை. அதுதான் சிக்கல். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் வெளியிட்ட ஆய்விலும் இதே சாயல் இருக்கிறது: வீட்டில் கட்டிய விமானங்களின் விபத்துகளில் பெரும் பங்கு, புதிதாகப் பறக்கும் ஆரம்ப நாட்களிலும், விற்கப்பட்டுப் புதியவர் கைக்கு வந்த கொஞ்ச நாளிலும் நடக்கிறது. மாற்றம் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். குறி போடாமல் விட்டதைத்தான் சொல்கிறேன். ஒரு தூரிகையும் கொஞ்சம் சாயமும் போதும்.

வகுப்பில் நாம் அடிக்கடி கீதையின் கர்மயோகத்தைப் பேசுகிறோம். செயலைச் செய், பலனில் பற்று வைக்காதே. இதை நம்மில் பலர் "செஞ்சாச்சு, மீதியை சாமி பாத்துக்கும்"னு எடுத்துக்கொள்கிறோம், நான் உட்பட. விமானம் கட்டுகிறவன் அப்படி எடுத்தால் என்ன ஆகும்? இறக்கை தாங்குமா என்ற கவலையை எந்தச் சாமியிடமும் தள்ள முடியாது; அந்தக் கவலைதான் அவன் செயலே. அவன் விடவேண்டிய பலன் வேறு. தீபாவளிக்குள் முடிக்கணும், படம் எடுத்துப் போடணும், அடுத்தவன் முந்திவிடக்கூடாது என்கிறதெல்லாம்தான் பற்று. ஓரமாகப் போன துளையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கச் சொல்வது அந்தப் பற்றுதான். தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு மாதம் பின்னால் போவதற்குத்தான் பற்றில்லாத மனசு வேணும்.

தண்ணீர்மலைக்குக் காவடி கட்டும் நம் பையன்களை நினைத்துப் பாருங்கள். தைப்பூசத்துக்கு முந்தின ராத்திரி வீட்டு வாசலில் அலுமினியச் சட்டத்தை முடுக்கிக்கொண்டிருப்பார்கள். கட்டுபவர் ஒருவர், ஐந்நூறுக்கும் மேற்பட்ட படி ஏறுபவர் வேறொருவர். ஒரு நட்டு தளர்ந்தால் வலி யாருக்கு? அதனால்தான் அனுபவமுள்ள அண்ணன் ஒருவர், எவ்வளவு நம்பிக்கையான பையன் கட்டியிருந்தாலும், தானே ஒருமுறை எல்லா நட்டையும் பிடித்துப் பார்ப்பார். அது சந்தேகம் இல்லை. கட்டிய கண்ணுக்கு அதன் தப்பு தெரியாது என்று அவருக்குத் தெரியும்.

இப்போது என் கதை. போன வருடம் எங்கள் குழு ஆளில்லாச் சிறு விமானம் ஒன்று செய்தது. இறக்கை என் பொறுப்பு. மறுநாள் காட்ட வேண்டும். விலா ஒன்று சரியாக ஒட்டவில்லை என்று எனக்குத் தெரியும். மேலே படலத்தை ஒட்டி மூடிவிட்டேன். மூடியதும் பளபளவென்று இருந்தது. பறக்கவிட்ட இரண்டாவது நிமிடம் திருப்பத்தில் இறக்கை மடிந்து திடலில் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஓட்டியவன் என் நண்பன். "வேகமா திருப்பிட்டேன்டா, சாரி"ன்னு எல்லார் முன்னாலும் சொன்னான். அறிக்கையிலும் அப்படியே எழுதினோம். நான் வாயைத் திறக்கவில்லை. எட்டு மாதம்.

தம்பிக்கு "ஏறுவேன்"னு சொன்ன ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கட்டிய விமானத்தில் நானே ஏறுவேனா என்பதுதான் கேள்வி. மறுநாள் நண்பனைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். குழுவின் வேலைப் புத்தகத்தில், பழைய பக்கத்துக்குக் கீழே, தேதி போட்டு எழுதினேன்: மூன்றாவது விலா ஒட்டவில்லை, தெரிந்தே மூடினேன்.

இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் புது இறக்கையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தான். படலம் இன்னும் ஒட்டவில்லை. "மூடுறதுக்கு முன்னாடி பாரு. நீ செஞ்சதை நான் பாக்குறேன்" என்றான்.